அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்ததா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டது அடிமைகளுக்காக இல்லை, மாநில உரிமைக்காக. அடிமை ஒழிப்பு பிற்பாடு ஒட்டவைத்த காரணம் என்று அலுவலக நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?"

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. மாநில உரிமை என்ற பேச்சு அந்தச் சண்டை முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் 1861-ல் தொடங்கிய போருக்கு முந்தைய பத்து வருடங்களில் அதை யார் பேசினார்கள் என்று பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் தர்மசங்கடமாக இருக்கும். பெரும்பாலும் பேசியது வடக்கு. "உங்கள் மாநிலச் சட்டம் எப்படியோ இருக்கட்டும், மத்திய அரசின் சட்டம்தான் செல்லும்" என்று நின்றது தெற்கு. நான் இந்த வரலாற்றைப் போர்க்களங்கள் வழியாகப் படித்தவன் இல்லை, தீர்ப்புகள் வழியாகப் படித்தவன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

1787-ல் எழுதிய அரசியல் சாசனத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. எழுதியவர்களுக்கே கூச்சம். ஆனால் விஷயம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடும்போது, சுதந்திரமான ஆட்களோடு 'மற்ற ஆட்களில்' ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது ஓட்டில்லாத அடிமைகள் எஜமானர்களின் அரசியல் பலத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். அடுத்து, 1808 வரை வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதைக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், தடுக்கக் கூடாது. மூன்றாவது, 'வேலைக்குக் கட்டுப்பட்ட ஆள்' வேறு மாநிலத்துக்குத் தப்பி ஓடினால் உரியவர் கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும். முதல் இரண்டும் பாடப்புத்தகங்களில் தவறாமல் வரும். கடைசியில் வீட்டைக் கொளுத்தியதில் பெரும்பங்கு மூன்றாவதுக்கு.

நடுவில் நடந்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். 1793-ல் பருத்தியில் கொட்டை நீக்கும் எந்திரம் வந்தது, தெற்கில் பருத்தி பொன் விளைந்தது போலாயிற்று. தானாக ஓய்ந்துவிடும் என்று சிலர் நம்பிய அடிமை முறை பன்மடங்காகப் பெருகியது. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர், நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி. நாடு மேற்கே விரியும்போதெல்லாம் புது நிலத்தில் அடிமை முறை உண்டா இல்லையா என்று தகராறு வரும். 1820-ல் மிசோரியை அடிமை மாநிலமாகவும் மெயினைச் சுதந்திர மாநிலமாகவும் (அடிமை முறை இல்லாத மாநிலமாகவும்) சேர்த்து, மற்றபடி 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே கிடையாது என்று கோடு கிழித்தார்கள். அதற்கு மிசோரி சமரசம் என்று பெயர். முப்பது வருடங்களுக்கு மேல் அந்தக் கோடு தாங்கியது.

சரி, தப்பி ஓடியவரை ஒப்படைக்க வேண்டும் என்கிறதே சாசனம், யார் ஒப்படைப்பது? மாநில அதிகாரியா, மத்திய அரசா? அதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. மேரிலாண்டிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடிபோன மார்கரெட் மோர்கன் என்ற பெண்ணை 1837-ல் எட்வர்டு பிரிக் என்பவர் குழந்தைகளோடு பிடித்துக்கொண்டு போனார். பென்சில்வேனியா தன் சட்டப்படி ஆள் கடத்தல் வழக்குப் போட்டது. 1842-ல் உச்ச நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்று பிரிக்கை விடுவித்தது. ஆனால் நீதிபதி ஜோசப் ஸ்டோரி எழுதிய தீர்ப்பிலேயே ஒரு சந்து இருந்தது: இது மத்திய அரசின் பொறுப்பு என்றால், மாநில அதிகாரிகளை இந்த வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது. வடக்கு மாநிலங்கள் அந்தச் சந்துக்குள் புகுந்துகொண்டன. எங்கள் சிறையைத் தர மாட்டோம், எங்கள் ஷெரீப் வர மாட்டார், எங்கள் நீதிபதி கையெழுத்துப் போட மாட்டார் என்று வரிசையாகச் சட்டம் போட்டன. மாநில உரிமை என்பதற்கு இதைவிட அச்சான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தெற்கின் பதில்தான் 1850-ல் வந்த புதிய 'தப்பியோடிய அடிமைகள் சட்டம்'. மெக்சிகோவிடமிருந்து பிடுங்கிய நிலத்தைப் பங்கு போடும் சமரசத்தில் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாயிற்று. அதற்கு ஈடாகத் தெற்குக்குக் கிடைத்தது இது. கொஞ்சம் நிதானமாக இதைப் பார்க்க வேண்டும்.

தப்பி வந்தவர் என்று ஒருவரைப் பிடித்தால் விசாரிப்பவர் முழு நீதிபதி இல்லை, மத்திய அரசு நியமித்த கமிஷனர். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் வாய் திறந்து சாட்சி சொல்ல முடியாது. எஜமானர் தன் ஊர் நீதிமன்றத்தில் வாங்கிவந்த பிரமாணப் பத்திரம் போதும். கமிஷனர் 'அடிமைதான், கொண்டுபோ' என்று எழுதினால் அவருக்குக் கூலி 10 டாலர். 'இவர் அந்த ஆள் இல்லை, விட்டுவிடு' என்று எழுதினால் 5 டாலர். கொண்டுபோகும் உத்தரவுக்குக் காகித வேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். நீதிக்கு இரண்டு விலை வைத்த சட்டம் என்று வடக்கே கேலி பேசினார்கள். பிடிபட்டவர் கையை விட்டுத் தப்பினால் மார்ஷல் (மத்திய அரசின் காவல் அதிகாரி) அந்த ஆளின் முழு விலையையும் கட்ட வேண்டும். ஒளித்து வைத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவில் போகிற எவரையும் 'வந்து பிடிக்க உதவு' என்று மார்ஷல் கூப்பிடலாம், கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். அதுவரை அடிமை முறை தெற்கின் பாவம், நமக்கென்ன என்று இருந்த பாஸ்டன் வியாபாரியின் கையிலும் விலங்கைக் கொடுத்துப் பூட்டச் சொன்னது இந்தச் சட்டம்.

1854 மே 24, பாஸ்டன். துணிக்கடையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆன்டனி பர்ன்ஸ் என்ற இருபது வயது இளைஞரை வழிமறித்தார்கள். நகைக்கடைத் திருட்டு என்று சொல்லித்தான் பிடித்தார்கள். நீதிமன்றக் கட்டடத்துக்குள் கொண்டுபோனதும் அங்கே நின்றவர் வர்ஜீனியாவிலிருந்து வந்த அவருடைய எஜமானர். ஊரில் இருந்த சகோதரனுக்கு பர்ன்ஸ் எழுதிய கடிதம் எஜமானர் கையில் சிக்கியதுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு நாள் கழித்துக் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்த கூட்டம் ஒன்று நீதிமன்றக் கதவை உடைக்கப் பார்த்தது. காவலுக்கு நின்ற ஒருவர் செத்தார், பர்ன்ஸை மீட்க முடியவில்லை. கமிஷனர் எட்வர்டு லோரிங் சட்டப்படி கொண்டுபோக உத்தரவிட்டார். ஜூன் 2-ம் தேதி பர்ன்ஸைக் கப்பலுக்கு நடத்திக்கொண்டு போனபோது இருபுறமும் துப்பாக்கியோடு படைவீரர்கள், பீரங்கி வேறு. தெருவில் ஏறக்குறைய 50,000 பேர். கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது, 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டி ஒன்றைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆளைத் திருப்பி அனுப்ப மத்திய அரசு செய்த கூத்து இது. அமோஸ் லாரன்ஸ் என்ற பாஸ்டன் ஜவுளி வணிகர், ராத்திரி படுக்கும்போது பழைய சமரசவாதிகளாகப் படுத்தோம், எழுந்திருக்கும்போது வெறிபிடித்த அடிமை ஒழிப்புக்காரர்களாக எழுந்தோம் என்ற பொருளில் எழுதினார்.

பர்ன்ஸுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பாஸ்டன் கறுப்பர் தேவாலயத்தின் போதகர் பணம் திரட்டி 1,300 டாலருக்கு அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார். பர்ன்ஸ் ஓபர்லின் கல்லூரியில் படித்து, கனடாவில் போதகராகி, 1862-ல் இறந்தார். லோரிங்கையும் மசாசூசெட்ஸ் விடவில்லை. அவர் வகித்த மாநில நீதிபதி பதவியை 1858-ல் பறித்துக்கொண்டது.

அதே 1854-ல் விஸ்கான்சினில் நடந்தது இன்னும் ருசியான கதை. உங்கள் நண்பரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான். மிசோரியிலிருந்து தப்பி வந்த ஜோஷுவா குளோவரை மில்வாக்கி சிறையில் அடைத்திருந்தார்கள். பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத் ஊரைத் திரட்டினார். கூட்டம் பெரிய மரக்கட்டையால் கதவை இடித்து குளோவரை வெளியே கொண்டுவந்தது, அவர் கனடா போய்ச் சேர்ந்தார். மத்திய அரசு பூத்தைக் கைது செய்தது. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றமோ ஆட்கொணர்வு மனுவில் அவரை விடுவித்து, 1850 சட்டமே சாசனத்துக்கு விரோதமானது என்று சொல்லிவிட்டது. ஒரு மாநில நீதிமன்றம், நாடாளுமன்றச் சட்டத்தை! வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் ஆவணங்களைக் கேட்டபோது அனுப்ப வேண்டாம் என்று தன் எழுத்தரிடம் சொன்னது. 1859-ல் தலைமை நீதிபதி ரோஜர் டானி ஒருமனதான தீர்ப்பில் விஸ்கான்சினின் தலையில் குட்டினார்: மத்திய அரசின் காவலில் இருப்பவரை விடுவிக்க எந்த மாநில நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. உடனே விஸ்கான்சின் சட்டமன்றம், 1798-ல் ஜெபர்சன் கென்டக்கிக்காக எழுதிக் கொடுத்த மாநில உரிமைத் தீர்மானத்தின் வாசகங்களையே எடுத்து அந்தத் தீர்ப்பைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. தெற்கின் வேதவாக்கு வடக்கின் வாயில். தெற்கே யாரும் கை தட்டவில்லை.

மேற்கே கோடும் அறுந்தது. 1854-ல் ஸ்டீபன் டக்ளஸ் என்ற செனட்டர் கொண்டுவந்த கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் மிசோரி சமரசத்தை ரத்து செய்து, அடிமை முறை வேண்டுமா என்று அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்யட்டும் என்றது. கேட்பதற்கு ஜனநாயகம் போல இருக்கும். நடந்தது கள்ள ஓட்டும் கொலையும். 1856 மே மாதம் கேன்சஸில் உள்ள லாரன்ஸ் ஊரை அடிமை முறை ஆதரவாளர்கள் சூறையாடினார்கள். மறுநாள் கேன்சஸ் பற்றிப் பேசியதற்காக அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சம்னரை, செனட் மன்றத்துக்குள்ளேயே, அவர் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது பிரெஸ்டன் புரூக்ஸ் என்ற தென் கரோலினா உறுப்பினர் கைத்தடியால் அடித்துச் சாய்த்தார். தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன. இரண்டு நாள் கழித்து, அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் கேன்சஸில் மறுதரப்பைச் சேர்ந்த ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்துப்போய் வெட்டினார்கள்.

இந்த நிலையில்தான் டிரெட் ஸ்காட் வழக்கு. ஸ்காட் ஓர் இராணுவ மருத்துவரின் அடிமை. மருத்துவர் அவரை இல்லினாய்ஸுக்கும், மிசோரிக் கோட்டுக்கு வடக்கே இருந்த ஸ்நெல்லிங் கோட்டைக்கும் கூட்டிப்போய் வருடக்கணக்கில் வைத்திருந்தார். இரண்டும் அடிமை முறை இல்லாத மண். கோட்டையில்தான் ஸ்காட்டுக்கும் ஹாரியட்டுக்கும் கல்யாணம் நடந்தது. பின்னால் மிசோரி திரும்பி, 1846-ல் இருவரும் விடுதலை கேட்டு செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது அபூர்வமான வழக்கு இல்லை. சுதந்திர மண்ணில் குடியிருந்தவர் சுதந்திரர்தான் என்பது மிசோரியின் சொந்த நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன விஷயம். 1836-ல், அதே ஸ்நெல்லிங் கோட்டைக்கு ஒரு அதிகாரி கூட்டிப்போன ரேச்சல் என்ற பெண்ணையே விடுவித்திருக்கிறார்கள். ஸ்காட் 1850-ல் ஜூரி முன்னால் ஜெயித்தார். 1852-ல் மிசோரி உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. காரணம்? பழைய தீர்ப்புகள் வந்தபோது இருந்த காலம் இப்போது இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். வெளிப்படையாக ஒத்துக்கொண்டதற்காகவாவது பாராட்டலாம்.

வழக்கு வாஷிங்டன் போனது. 1857 மார்ச் 6, டானிக்கு எண்பது வயதுக்கு இன்னும் சில நாள் பாக்கி. (தன்னிடம் இருந்த அடிமைகளை எப்போதோ விடுவித்துவிட்ட மனிதர் அவர், மனிதர்கள் விசித்திரம்.) ஏழுக்கு இரண்டு என்று வந்தது தீர்ப்பு. கறுப்பர் சுதந்திரராக இருந்தாலும் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது, ஆகவே வழக்குப் போடவே உரிமை இல்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் மாநிலமாகாத புதுப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடை செய்யக் காங்கிரஸுக்கு அதிகாரமே கிடையாது, மிசோரி சமரசம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, ஏனென்றால் அடிமை சொத்து, சொத்தை முறையான சட்ட நடவடிக்கை இல்லாமல் பறிக்கக் கூடாது என்று சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் சொல்கிறது. மாற்றுத் தீர்ப்பில் நீதிபதி கர்ட்டிஸ் ஒரு ஆணி அடித்தார்: சாசனத்தை ஏற்றுக்கொண்ட காலத்தில் ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை இருந்ததே, அப்போது அவர்கள் குடிமக்கள் இல்லையா? அந்த வருடமே அவர் பதவியை விட்டு விலகினார்.

இரண்டு நாள் முன்னால், பதவியேற்பு உரையில் ஜனாதிபதி பியூகேனன், நீதிமன்றம் எப்படித் தீர்ப்பளித்தாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன் என்று பெருந்தன்மை காட்டியிருந்தார். முடிவு என்ன என்று நீதிபதி ஒருவரின் கடிதம் மூலம் அவருக்கு முன்பே தெரியும். ஸ்காட்டையும் குடும்பத்தையும் மூன்று மாதங்களுக்குள் புது எஜமானர் விடுவித்துவிட்டார்; அடுத்த வருடம் காசநோயில் ஸ்காட் போய்ச் சேர்ந்தார். தீர்ப்பு மட்டும் நின்றது. சண்டையைத் தீர்க்கும் என்று நினைத்து எழுதியது, சமரசம் பேச இருந்த ஒரே இடத்தையும் அடைத்தது. பிரதேசங்களில் அடிமை முறை பரவக் கூடாது என்பதுதான் புதிதாய்ப் பிறந்த குடியரசுக் கட்சியின் மூலக் கொள்கை. அதையே சாசன விரோதம் என்றால் அந்தக் கட்சி எங்கே போகும்?

அடுத்த பயம் வடக்கில் பரவியது: இனி எங்கள் மாநிலத்துக்குள்ளேயும் அடிமையைக் கொண்டுவர உரிமை உண்டு என்று சொல்வார்களோ? அது வெறும் கற்பனை இல்லை, அதற்கான வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 1852-ல் வர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் போகிற வழியில் லெமன் குடும்பம் கப்பல் மாற நியூயார்க்கில் இறங்கியது, கூடவே எட்டு அடிமைகள். லூயி நெப்போலியன் என்ற கறுப்பர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கீறல் கையெழுத்துப் போட்டு ஆட்கொணர்வு மனுக் கொடுத்தார். எட்டுப் பேரும் விடுதலை. மேல்முறையீட்டை வர்ஜீனியா மாநிலமே செலவு செய்து நடத்தியது. 1860-ல் நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. அடுத்த படி டானியின் நீதிமன்றம். அதற்குள் போர் வந்துவிட்டது.

1860 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் தெற்கின் பிரதிநிதிகள் கேட்டது என்ன? பிரதேசங்களில் அடிமைச் சொத்தைப் பாதுகாக்க மத்திய அரசு முன்வர வேண்டும். கிடைக்காததால் எழுந்து போனார்கள், கட்சி பிளந்தது, 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஓட்டில் குடியரசுக் கட்சியின் லிங்கன் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார். டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிந்தது. அதன் விளக்க அறிக்கையை உங்கள் நண்பர் ஒருதடவை படிக்க வேண்டும். பதின்மூன்று வடக்கு மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது: தப்பியோடியவர்களைப் பிடிக்கும் காங்கிரஸ் சட்டத்தை அவை ரத்துக்குச் சமமாக ஆக்கிவிட்டனவாம். நியூயார்க்கில் அடிமையோடு கடந்து போகக்கூட விடவில்லையாம். 1832-ல் சுங்க வரிச் சட்டத்தைத் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்ததே இந்த மாநிலம்தான்! அந்தச் சுங்க வரியைத்தான் உண்மைக் காரணம் என்று சிலர் இன்னமும் சொல்வார்கள். 1857-ல் வரியைக் குறைத்திருந்தார்கள். மறுபடி ஏற்றிய சட்டம் 1861 மார்ச்சில், ஏழு மாநிலங்கள் பிரிந்து போன பிறகு நிறைவேறியது. மிசிசிப்பியின் அறிக்கையோ சுற்றி வளைக்கவில்லை. அடிமை முறையோடு பின்னிப் பிணைந்தது எங்கள் நிலைப்பாடு என்று முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறது.

பிரிந்து போனவர்கள் எழுதிய புதுச் சாசனம் இன்னொரு சாட்சி. அமெரிக்கச் சாசனத்தைப் பெரும்பாலும் அப்படியே நகலெடுத்து, கூச்சத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் போடக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். ஒரு மாநிலத்தவர் இன்னொரு மாநிலத்துக்குள் அடிமைகளோடு போய்த் தங்கலாம், அதனால் உரிமை போகாது என்றும் சேர்த்தார்கள். நியூயார்க் செய்தது போல இனி எந்த மாநிலமும் செய்ய முடியாது. இதில் மாநில உரிமை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கட்டும்.

இதைச் சொன்னதும் வடக்கு ஏதோ புண்ணியவான்கள் கூட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லிங்கனின் இல்லினாய்ஸ் மாநிலம் 1853-ல் கறுப்பர்கள் குடிவரவே தடை போட்டது. 1861 மார்ச்சில் காங்கிரஸ், மாநிலங்களுக்குள் இருக்கும் அடிமை முறையில் மத்திய அரசு என்றைக்கும் கை வைக்காது என்று ஒரு சாசனத் திருத்தத்தையே நிறைவேற்றி அனுப்பியது. பதவியேற்பு உரையில் லிங்கனும் அதற்கு ஆட்சேபம் இல்லை என்றார். அப்படியும் போனவர்கள் திரும்பவில்லை. இருப்பதைத் தொட மாட்டோம் என்ற உறுதி அவர்களுக்குப் போதவில்லை, பரவும் உரிமை வேண்டும், பிடித்துத் தரும் ஆள் வேண்டும். ஏப்ரல் 12-ல், தென் கரோலினாவில் மத்திய அரசின் கையில் இருந்த சம்ட்டர் கோட்டை மேல் தெற்கின் குண்டு விழுந்தது, போர் தொடங்கியது. ஆகவே வடக்கு போரில் இறங்கியது ஒன்றியத்தைக் காப்பாற்ற, அடிமைகளை விடுவிக்க இல்லை என்று உங்கள் நண்பர் சொன்னால், ஆரம்பத்தில் அப்படித்தான் என்று ஒத்துக்கொள்ளலாம். தெற்கு ஏன் பிரிந்தது என்பது வேறு கேள்வி.

வழக்கறிஞர் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு காட்சி. 1861 மே 23, பிரிவினையை வர்ஜீனியா வாக்காளர்கள் உறுதி செய்த நாள். அன்று இரவு பிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் தப்பி, வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்தார்கள். அவர்களை வைத்துத் தெற்குப் படை பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் வெள்ளைக்கொடியோடு ஒரு மேஜர் வந்து, 1850 சட்டப்படி மூவரையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் மசாசூசெட்ஸ் வக்கீல். வர்ஜீனியா தனி நாடு என்கிறீர்கள், அமெரிக்கச் சட்டம் அந்நிய நாட்டுக்குப் பொருந்தாதே என்றார். எஜமானர் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் தருகிறேன் என்றும் சொன்னார். யாரும் வரவில்லை. எதிரியின் போர்ச் சரக்கு என்று சொல்லி மூவரையும் வைத்துக்கொண்டார். செய்தி பரவி, நாள் போகப் போக அந்தக் கோட்டைக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த 1850 சட்டம் மட்டும் ஏட்டில் அப்படியே இருந்தது. ஒன்றியத்தோடு நின்ற மேரிலாண்ட், கென்டக்கி எஜமானர்கள் அதைக் காட்டி ஆள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதைக் காங்கிரஸ் நீக்கியது 1864 ஜூன் 28-ம் தேதி, போர் மூன்று வருடம் தாண்டிய பிறகு.